அழுத்தாமல் ஒரு கப்

நெஞ்சுக்குள் உலோக வால்வோடு
ஐகிரவுண்டிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று
டயட் சீட்டில் ஒரு வரி:
பச்சை இலை சாலட், தினம் ஒரு கப்.
கூடவும் கூடாது, குறையவும் கூடாது.
ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை.
இலை அதனோடு மல்லுக்கு நிற்குமாம்.

எந்தக் கப் என்றார் இவர்.

முப்பத்தோரு வருடம் முத்திரை ஆய்வாளர்.
அம்பை, வள்ளியூர், களக்காட்டுச் சந்தைகளில்
தராசுத் தட்டின் அடியில் ஒட்டிய புளியை
நகத்தால் சுரண்டி எடுத்தவர்.
அடி உள்வாங்கிய உழக்குகளை
ஜீப்பில் அள்ளிப் போட்டு வந்தவர்.
அந்த மனுசனிடம் போய்
ஒரு கப் என்றால்?

வீட்டில் ஏழு கப் இருந்தது.
ஏழிலும் தண்ணீர் ஊற்றி அளந்தார்.
ஏழும் ஏழு சொல்லிற்று.

பாளை மார்க்கெட்டில் பேச்சித்தாயிடம் கேட்டார்,
ஒரு கட்டு எத்தனை கிராம்?
"கீரைய யாரு நிறுப்பா?
தண்ணி தெளிச்சா ஒரு நிறை,
வெயில் ஏறினா ஒரு நிறை.
கட்டு ஒண்ணுதாம் கட்டா இருக்கும், கொண்டு போங்க."
கொடைக்கானலிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்த லெட்யூஸோ
வண்ணார்பேட்டைக் கடையில்
பிளாஸ்டிக் பைக்குள் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.
இருநூறு கிராம் என்று போட்டிருந்தது.
ஆளைப் பார்த்தால் தலையணை மாதிரி.

கீழ ரத வீதி நகைக்கடையில்
ஒரு காலத்தில் இவர் அபராதம் போட்ட திரவியம்
தங்கத் தராசை இரவல் கொடுத்தார்,
சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டுக்கொண்டு.

அடுக்களை மேடையில் அன்று பூராவும் பரீட்சை.
நறுக்கி, உதிரியாகப் போட்டால்: இருபத்தெட்டு.
கப்பை இரண்டு தட்டுத் தட்டினால்: முப்பத்து மூன்று.
கழுவி உதறாமல் போட்டால்: நாற்பது.
இவர் அழுத்தினால்: அறுபத்தொன்று.
நான் அழுத்தினால்: நாற்பத்தேழு.

அதே கப். அதே இலை.

"தராசைத் தண்ணி ஏமாத்தும், மங்கை.
கப்பைக் காத்து ஏமாத்தும்" என்றார்.
கள்ளனைப் பிடித்த பழைய சந்தோஷம் முகத்தில்.

பிறகு ஒரு கண்ணாடி கிளாஸில்
துடைத்து நறுக்கிய இலை முப்பது கிராம் நிற்கும் உயரத்தில்
என் நகப்பூச்சால் ஒரு கோடு.
தராசு திரவியத்திடம் திரும்பிப் போயிற்று.

மூன்று வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை.
இரண்டரைக்கு மேலே இருக்க வேண்டிய எண்
ஒன்று புள்ளி எட்டில் கிடந்தது.

கிளாஸைச் சோதித்தார். கோடு சரி.
கடையை மாற்றினோமா? இல்லை.
மாத்திரை விட்டதுண்டா? கிடையாது.
மறுநாள் காலை அடுக்களை வாசலில்
சத்தமில்லாமல் வந்து நின்றிருக்கிறார்,
சந்தையில் தராசுக்குப் பின்னால் நிற்பதைப் போல.

என்ன செய்ய.
வேட்டி இடுப்பில் நிற்காத அளவு மெலிந்துபோனார்.
கோடு வரைக்கும் போட்டு
உள்ளங்கையால் ஒரு அமுக்கு அமுக்கி
மறுபடி கோடு வரைக்கும் போட்டுக்கொண்டிருந்தேன்.
இலைதானே, காற்றுதானே என்று.

அபராதம் எதுவும் போடவில்லை.
நோட்டை எடுத்து
"மங்கை கை" என்று புதிதாக ஒரு பத்தி கிழித்தார்.

டாக்டர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"எவ்வளவுங்கது பெரிசில்ல.
தினமும் அதே கை, அதே அமுக்கு.
மாத்திரைய நான் கூட்டிக் குறைச்சுக்கிடுதேன்."

இப்போது காலை ஏழு மணி.
கிளாஸில் கோடு வரை இலை.
இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு
பேப்பர் படிப்பதாகப் பாவனை.
கையை வைத்தேன்.
நேற்று வரை எவ்வளவு அழுத்தினேன் என்று
கைக்கு மறந்துவிட்டது.